ஒண்ணுமில்லை என்று சொன்ன கைகள்

ஸ்கேன் மெஷினை எப்படிப் பிடிப்பது, ஜெல்லை எவ்வளவு பிதுக்குவது என்பதையெல்லாம் ஸ்கேன் படிக்க வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் வயதுக்காரர்களே என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். புது மெஷினில் பாதி பட்டன்கள் எதற்கென்றே எனக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் என் பேச்சைக் கேட்க ஆளும் இல்லை. நான் வாயைத் திறந்தால் என் கணவர் காதுக்கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுகிறார். ஆகவே நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

ராஜபாளையத்தில் ஓர் ஆஸ்பத்திரியில்தான் என் வேலைக்காலம் முழுக்கப் போனது. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் பஸ், சாயங்காலம் பஸ், இடையில் வயிறு, கர்ப்பம், பித்தப்பைக் கல். ஒருநாளில் நான் பார்த்த வயிறுகளைக் கல்யாணப் பந்தியில் உட்காரவைத்தால் மண்டபம் நிறையும். இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், ஓய்வுக்குக் கொஞ்ச காலம் முன்பு, மதுரையிலிருந்து ஒரு நரம்பியல் டாக்டர் வாராவாரம் வியாழக்கிழமை வர ஆரம்பித்தார். சின்னப் பெண். என் மகளைவிட வயது குறைவு. வந்த முதல் வாரமே என் அறைக்கு வந்து, “மேடம், கை நரம்பை ஸ்கேன்ல பார்த்துத் தருவீங்களா?” என்றார்.

நரம்பை ஸ்கேனில் பார்க்கலாம் என்பது எனக்குத் தெரியும். பார்த்துப் பழக்கமில்லை. அந்தப் பெண்தான் எனக்குப் பழக்கினார். மணிக்கட்டில் மெஷினின் தேய்க்கும் கருவியான ப்ரோபைக் குறுக்காக வைத்தால் தேன்கூடு மாதிரி ஒரு சின்ன வட்டம் தெரியும், அதுதான் நடுநரம்பு. அதன் ஓரத்தில் கோடு இழுத்தால் மெஷின் அளவைச் சொல்லிவிடும். பார்க்க எளிது. ஆனால் அளவு வந்த பிறகுதான் சிக்கலே ஆரம்பிக்கும். பெரிதா சிறிதா என்று சொல்ல, நோயில்லாதவருக்கு எவ்வளவு இருக்கும் என்பது தெரிய வேண்டுமே. புத்தகங்களில் எண்கள் இருந்தன. எல்லாம் வேறு தேசத்துக் கைகள்.

“நம்ம ஊர்க்காரங்க நரம்பு எவ்வளவு இருக்கும்னு நாமே அளந்துருவோம் மேடம்” என்றார் அந்தப் பெண். நோய் இல்லாதவர்கள் கொஞ்சம் பேரைக் கூப்பிட்டு, மணிக்கட்டு, முன்கை, முழங்கை, மேற்கை என்று இடத்துக்கு இடம் அளந்து வைத்துக்கொண்டால், பிறகு நோயாளி வரும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம். நியாயமான யோசனை. முறைப்படி அனுமதி வாங்கி, ஆஸ்பத்திரி வாசலில் ‘இலவச நரம்புப் பரிசோதனை’ என்று எழுதி ஒட்டினோம்.

ஓர் ஆண்பிள்ளையும் வரவில்லை. வராதது மட்டுமில்லை, அந்தப் பக்கம் வந்தவர்கள்கூட அந்தத் தாளைப் பார்த்ததும் எதிர்ச் சாரிக்குப் போனார்கள். எங்கள் அட்டெண்டர் முத்துராஜைக் கையை நீட்டச் சொன்னேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

“டாக்டர், கோவிச்சுக்காதீங்க. நரம்பு பாத்தான்னு தெரிஞ்சா ஊருக்குள்ள வேற மாதிரி பேசிருவாக. எனக்கு இப்பத்தான் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காக.”

நம் ஊர்ச் சுவர்களில் நரம்புத் தளர்ச்சிக்கு மருந்து என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அதை மறந்துபோனது எங்கள் பிசகு. ‘நரம்பு’ என்பதை அடித்துவிட்டு ‘கை ஸ்கேன்’ என்று எழுதி ஒட்டியதும் மில் தொழிலாளர்கள், கடைக்காரர்கள், செண்பகத்தோப்புப் பக்கம் காட்டுக் காவலுக்குப் போகிறவர்கள் என்று ஆண்கள் கூட்டம் வந்தது. முத்துராஜும் வந்தார்.

பெண்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் யூனிட் ஒன்றில் ஸ்டெல்லா என்பவர் சூப்பர்வைசர். அவருடைய மகளுக்கு நான் பிரசவத்துக்கு முன்னால் ஸ்கேன் பார்த்துச் சொன்ன ஏதோ ஒன்றால் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. நான் ஆள் தேடுகிறேன் என்று தெரிந்ததும் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்த கையோடு யூனிட் பெண்களை வேனில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். எல்லாரும் தலைநிறையப் பூ வைத்து, கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி வந்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டோம். கையில் வலி உண்டா, வேறு ஏதாவது தொந்தரவு உண்டா? “ஒண்ணுமில்ல டாக்டர்.” அடுத்தவரும் அதேதான். “ஒண்ணுமில்ல டாக்டர், நல்லாருக்கோம்.” அதற்குப் பின் இரண்டு ஞாயிறும் வேன் வந்தது. எங்களுக்குக் கிடைத்த பெண்களில் பெரும்பாலானவர்கள் அந்த ஒரே யூனிட்டுக்காரர்கள்.

அளவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மதுரை டாக்டர் துள்ளாத குறை. மணிக்கட்டில் நம் பெண்களின் நரம்பு புத்தகத்தில் இருப்பதைவிடப் பருமனாக வந்திருந்தது. புத்தகக் கணக்கை நம் ஊரில் அப்படியே வைத்துக்கொண்டால் நல்ல கையையெல்லாம் நோய் என்று சொல்லிவிடுவோம் என்றார். மதுரையில் டாக்டர்கள் கூட்டமொன்றில் இதைப் பேச அவருக்கு அடுத்து வந்த ஞாயிறு இடமும் கிடைத்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இத்தனை வருடம் அடுத்தவர் எழுதிய அளவை வைத்தே காலம் தள்ளியவள் நான்.

அந்த வாரம் வியாழக்கிழமைதான் மெர்சி வந்தாள். கூட்டத்துக்குத் தயாராக வேண்டும் என்று மதுரை டாக்டர் அன்று வரவில்லை.

அவளும் தளவாய்புரம் யூனிட்காரிதான். ஆனால் வேனில் வந்தவர்களில் இல்லை. முப்பது வயது தாண்டாதவள். பவர் மிஷினில் நைட்டிக்குக் கழுத்து தைப்பது அவள் வேலை. வலது கைப் பெருவிரலிலிருந்து மூன்று விரல் மரத்துப்போகிறது, பிடித்தது நழுவுகிறது. எலும்பு டாக்டரிடம் போயிருக்கிறாள், அவர்தான் ஸ்கேனுக்கு அனுப்பியிருந்தார். அவளுக்குக் கழுத்திலும் வலி இருந்தது. கழுத்து எலும்பு நரம்பை அழுத்தினாலும் கை இப்படித்தான் மரக்கும். மதுரையில் நரம்புக்கு எடுத்த மின்சாரச் சோதனை அப்படியுமில்லை இப்படியுமில்லை என்று வந்திருந்தது. மணிக்கட்டில் நரம்பு வீங்கியிருந்தால் அங்கே அறுத்து இடம் விட்டுக் கொடுக்கலாம். இல்லையென்றால் கழுத்துக்குப் பட்டை போட்டு இழுத்துக்கொண்டு உட்கார வேண்டும். மாதங்கள் போகும். அதற்குள் மணிக்கட்டில் நிஜமாகவே நரம்பு நசுங்கிக்கொண்டிருந்தால் பெருவிரல் மேட்டுத் தசை சுருங்கிவிடும். சுருங்கினால் திரும்பி வருவது கஷ்டம். தையல்காரிக்குப் பெருவிரல் போனால் என்ன மிச்சம்?

அளந்தேன். புத்தகப்படி வீக்கம். நாங்கள் எடுத்து வைத்திருந்த புது அளவின்படி ஒன்றுமில்லை, சாதாரணம்.

அந்த நேரம் பார்த்து எலும்பு டாக்டர் போன் பண்ணினார். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு, வெளியே அவசரம். “அம்மா, நான் ஆபரேஷன் தியேட்டர்ல நிக்கேன். ஒத்த வார்த்த சொல்லுங்க. வீங்கியிருக்கா, இல்லியா? இல்லன்னா அந்தப் புள்ளய இன்னைக்கே கழுத்துக்கு அனுப்பிருதேன்.”

உங்களுக்கும் இந்த போன் வரும். தினமும் வரும். கேட்கிறவருக்கு அவசரம், எதிரே படுத்திருப்பவருக்குப் பயம், வெளியே வரிசை. ‘இல்லை’ என்று சொல்ல எனக்கு எல்லா நியாயமும் இருந்தது. நாங்களே கஷ்டப்பட்டு எடுத்த அளவு அப்படித்தான் சொல்லியது. ஆனால் வாய் வரவில்லை. ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. “நாளை சாயங்காலம் சொல்றேன் டாக்டர்” என்றேன். “ஸ்கேன்தான எடுத்தீங்க, ஜாதகமா பாக்கீங்க?” என்றார். திட்டினாலும் மனுஷர் காத்திருப்பார். “சரே அம்மா” என்று வைத்தார்.

மெர்சி எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். ஜெல்லைத் துடைக்கத் துணி கொடுத்தேன். துடைக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப எனக்கு ஒண்ணுமில்லியா டாக்டர்?”

“அப்படிச் சொல்லலை. நாளைக்குச் சொல்றேன்னுதானே சொன்னேன்.”

“ஒண்ணுமில்லன்னாத்தான் இருக்கும். எல்லாருக்கும் இப்படித்தான மரக்கு. எனக்கு மட்டும்தான் தாங்கத் தெரியல. நடிக்கேன்னுதான் வீட்லயும் சொல்லுதாங்க.” சொல்லிவிட்டு அழுதாள்.

“எல்லாருக்கும்னா யாருக்கு?”

“யூனிட்ல தான் டாக்டர். அம்புட்டு பேருக்கும்.”

அவளை மறுநாள் வரச்சொல்லி அனுப்பிவிட்டு, வரிசையில் இருந்தவர்களைப் பார்த்து முடித்து, சேமித்து வைத்திருந்த அந்த யூனிட் பெண்களின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். மணிக்கட்டில் மட்டும்தான் நரம்பு பருமன். அதே கையில், அதே நரம்பு, முன்கையில் ஒரு சாண் மேலே போனால் புத்தகத்தில் சொன்ன அளவுதான். நம் ஊர் நரம்பே பருமன் என்றால் மேலேயும் பருமனாகத்தானே இருக்க வேண்டும்? மணிக்கட்டில் வந்து மட்டும் ஏன் ஊதுகிறது? அந்த இரண்டு எண்களையும் நாங்கள் எடுத்துத்தான் வைத்திருந்தோம். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எங்கள் சந்தோஷம் விடவில்லை.

மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த பஸ்ஸில் ஆஸ்பத்திரியில் இறங்காமல், பஸ் ஸ்டாண்டு வரை போய் வேறு பஸ் பிடித்துத் தளவாய்புரம் போனேன். யூனிட் என்றால் ஒரு நீண்ட தகரக் கொட்டகை. உள்ளே மிஷின் சத்தத்தில் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. வாசலிலேயே நின்று பார்த்தேன். ஒரு கட்டு தைத்து முடித்தவள், அடுத்த கட்டை எடுக்கும் முன் கையை மணிக்கட்டிலிருந்து படபடவென்று உதறினாள். தண்ணீரில் நனைந்த கையை உதறுவோமே, அப்படி. அடுத்த வரிசையில் ஒருத்தி. அதற்கடுத்து ஒருத்தி. எங்கள் மேஜையில் “ஒண்ணுமில்ல” என்று கையை நீட்டிய அதே முகங்கள். நடுநரம்பு நசுங்கியவர்கள் கையை இப்படித்தான் உதறுவார்கள் என்று படிக்கும்போதே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஸ்டெல்லா ஓடிவந்து நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை.

“என்ன ஸ்டெல்லா, எல்லாரும் கையை உதறுறாங்க?”

“அதுவா. அத நாங்க கோழி உதறல்னு சொல்லுவோம் டாக்டர். செத்த நேரம் உதறுனா சரியாப் போயிரும். எனக்கும் உண்டு.”

“நான் கேட்டேனே. தொந்தரவு உண்டான்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டேனே.”

“வலி உண்டான்னு கேட்டீங்க. மரக்கது வலியா டாக்டர்? வேல செஞ்ச கை மரக்கத்தான செய்யும்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “பொறவு, நீங்க நல்லாருக்கவங்க வேணும்னு கேட்டீங்க. உதவிக்குன்னு கூட்டிட்டு வந்த இடத்துல போயி, எனக்கு அங்க நோவுது இங்க நோவுதுன்னு நிக்கலாமா? நாங்க நோயாளியாவா வந்தோம்? உங்களுக்குன்னுல்ல வந்தோம்.”

அவர் சொன்னது முழுக்க நம் ஊர் நாகரிகம். நோயாளியாக வந்தால் தலைமுடி கொட்டுவது வரை சொல்வார்கள். உதவி செய்ய வந்தால் உயிர் போகிற வலியையும் விழுங்கிவிடுவார்கள். விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாட்டைக் குறை சொல்வார்களா? அந்த மரியாதை முழுவதையும் அளந்து, கூட்டி, சராசரி எடுத்து, ஆரோக்கியம் என்று பெயர் வைத்திருந்தோம். எனக்குக் கோபம் வந்தது. அவர்கள்மேல் இல்லை. கேள்வியைக் கேட்டுவிட்டுக் கையைப் பார்க்காமல் திரையைப் பார்த்த எங்கள் இரண்டு பேர்மேலும்தான்.

கொட்டகை வாசலில் நின்றே மதுரைக்கு போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில் ஒருநாள்தான் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார். மெர்சியையும் முன்கை அளவையும் இந்த உதறலையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“அந்த யூனிட்காரங்களை எடுத்துட்டா பெண்களே மிச்சமில்லையே” என்றார்.

“இல்லைதான்.”

“அப்ப நான் ஞாயிற்றுக்கிழமை பேசலை. வரலைன்னு சொல்லிடறேன்.” அடுத்த மூச்சில், “அந்த மெர்சிக்கு முன்கையில பார்த்தீங்களா மேடம்?”

எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. தன் கூட்டம் போனது, பெயர் போனது, உடனே கேட்டது நோயாளியைப் பற்றி. என்னைவிட எத்தனை வயது சின்னவர்! நான் என் வேலைக்காலத்தில் யாரிடமாவது பாடம் கற்றேன் என்றால் அந்த ஒரு கேள்வியில்தான்.

சாயங்காலம் மெர்சி வந்தாள். இந்த முறை ஊர் அளவும் வேண்டாம், புத்தக அளவும் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். அவள் முன்கையில் நரம்பைப் பிடித்து அளந்துகொண்டு, அப்படியே மெல்ல மணிக்கட்டுக்கு இறங்கினேன். மேலே ஒல்லியாக இருந்த நரம்பு, மணிக்கட்டின் வாசலுக்கு வந்ததும் சட்டென்று ஊதி நின்றது. அவளுடைய நல்ல அளவு அவள் கையிலேயே ஒரு சாண் தள்ளி இருந்திருக்கிறது. இடது கையிலும் பார்த்தேன். அங்கே மேலும் கீழும் ஒரே அளவு. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

எலும்பு டாக்டருக்குப் போன் செய்தேன். “வீங்கியிருக்கு டாக்டர். மணிக்கட்டுதான்.”

“நேத்தே சொல்லியிருக்கலாம்ல?”

“நேத்து தெரியாது.”

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஒரு பதிலைச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். சொன்னால் கொஞ்சம் மானம் போகும். அடுத்த வாரமே திரும்பி வந்துவிடும்.

மெர்சியிடம், “உனக்கு நிஜமாகவே இருக்கு, நீ நடிக்கலை” என்றேன். நோய் இருக்கிறது என்று சொல்லி ஒருவர் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. “எங்க வீட்டுக்காரர்ட்டயும் செத்த சொல்லுதீங்களா டாக்டர்?” என்றாள். வெளியே நின்ற அவள் கணவனைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினேன். அவன் வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது தெரியாமப் போச்சே” என்று மட்டும் சொன்னான்.

சின்ன ஆபரேஷன்தான். உள்ளங்கை அடியில் ஒரு விரற்கடைத் தையல். சில வாரத்தில் மரப்பு இறங்கியது, பிறகு பிடியும் வந்தது. யூனிட் பெண்களை ஒவ்வொருவராகத் திரும்ப வரவழைத்தோம், இந்த முறை நோயாளிகளாக. பெரும்பாலோருக்கு இரவில் மணிக்கட்டுக்குப் பட்டையும், நடுநடுவே ஓய்வும் போதுமானதாக இருந்தது. ஸ்டெல்லாவுக்கு ஊசி போட வேண்டியிருந்தது. அதற்கு அவர் போட்ட கூப்பாட்டில், மரத்துப்போன கையா இது என்று எலும்பு டாக்டரே கேட்டார்.

பிறகு முதலிலிருந்து நல்ல கைகளைத் தேடினோம். டீச்சர்கள், கடைகளில் கல்லாவில் இருப்பவர்கள், கான்சாபுரம் பக்கமிருந்து எங்கள் நர்ஸுகளின் சொந்தக்காரர்கள் என்று பல இடத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக. கேள்வியையும் மாற்றினோம். வலி உண்டா என்று கேட்பதை விட்டுவிட்டு, தூக்கத்தில் கை மரத்து எழுந்து உதறுவீர்களா, டம்ளர் நழுவுமா என்று கேட்டோம். அப்படியும் சிலர் என் முகத்துக்காக மறைத்தார்கள். அப்போதுதான் மெர்சி, தான் வந்து வாசலில் உட்காருவதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, வருகிற பெண்களை அவளே பேச்சுக் கொடுத்துப் பிடிப்பாள். உள்ளே இருக்கும் எனக்கு அவள் குரல் கேட்கும். “ஏட்டி, என்கிட்ட மறைக்காத. டாக்டரம்மா மனசு நோவுமேன்னு பாக்காத. நீ நல்லாருக்கேன்னு பொய் சொன்னா, பின்னால வாரவளுக்கு வைத்தியம் கெடைக்காது. எனக்கே கெடைக்காமப் போகப் பாத்துச்சு.” நாங்கள் இரண்டு டாக்டர்கள் சேர்ந்து சொன்னாலும் அப்படிப் புரியவைத்திருக்க முடியாது.

நம் ஊர்ப் பெண்களின் நரம்பு, கடைசியில், புத்தகத்தில் சொன்ன அளவை ஒட்டியேதான் வந்தது. மதுரைக் கூட்டத்தில் அந்தப் பெண் அதைத்தான் மறு வருடம் பேசினார். புதிதாக ஒன்றும் இல்லையே என்று ஒருவர் கேட்டாராம். இல்லை என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கி வந்ததாகச் சொன்னார்.

அளக்கும் வேலை முடிகிற நாளில், கடைசி ஆட்கள் வெளியே காத்திருக்க, மெர்சி உள்ளே வந்து மேஜைமேல் வலது கையை நீட்டினாள்.

“என்னையும் சேத்துக்கோங்க டாக்டர். இப்பத்தான் நல்லாயிட்டேனே. உதறவும் இல்ல, நழுவவும் இல்ல. சத்தியமா.”

அவளுக்காக ப்ரோபை வைத்துப் பார்த்தேன். நரம்பு கொஞ்சம் பருமனாகத்தான் இருந்தது. ஆபரேஷன் நன்றாக முடிந்தாலும் சிலருக்கு அப்படியே நின்றுவிடும், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் நல்ல கைகளின் அளவில் அதைச் சேர்க்க முடியாது. முன்பு நோய் இருந்தவர்களைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. எப்படிச் சொல்வதென்று தடுமாறி, மெதுவாகத்தான் சொன்னேன்.

அவள் கையை இழுத்துத் துடைத்துக்கொண்டாள்.

“ஒண்ணுமில்லன்னு சொன்னாலும் நம்ப மாட்டீங்க. நல்லாயிட்டேன்னு சொன்னாலும் சேக்க மாட்டீங்க. பொறவு எதுக்கு டாக்டர் எங்ககிட்ட கேக்கீங்க?”

நான் பதில் யோசிப்பதற்குள் கதவைத் திறந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களில் யாருக்காவது தெரிந்தால், என்னிடம் வேண்டாம், தளவாய்புரம் போய் அவளிடம் சொல்லுங்கள்.